மகளின் தேனிலவு வீதியில் நான்

செப்டெம்பர் 10, புதன்

காலையிலிருந்து தூறல். பெட்டி நிறுக்கும் வேலை. குளியலறைத் தராசில் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி நிற்க வேண்டும், வந்த எண்ணிலிருந்து என்னுடைய எடையைக் கழிக்க வேண்டும். கணக்கில் இரண்டு தரம் சறுக்கியவனுக்கு இந்த வயதில் இப்படி ஒரு சோதனை. மூன்று தரம் ஏறினேன், மூன்று எண். குறைக்க வேண்டியது பெட்டியில் இல்லை என்று மனைவி வதனி சமையலறையிலிருந்து சொன்னாள்.

பெட்டிக்குள்: கறித்தூள் நான்கு பை. பருத்தித்துறை வடை இரண்டு டப்பா. பனங்கிழங்கு ஒடியல் மா. வதனி தன் தங்கை மாலாவுக்கு எடுத்த சேலை. என்னுடைய உடுப்பு ஓரமாக, ஒரு சொப்பிங் பையில், அகதி மாதிரி.

பயணம் என்னுடையது அல்ல. மூத்தவள் அபியுடைய தேனிலவு. ஓகஸ்டில் கலியாணம், செப்டெம்பரில் ஜேர்மனி என்று அவளே திட்டம் போட்டு வைத்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் ஏதோ ஒரு பாடத்துக்காக ஜேர்மன்காரரின் பழங்கதை ஒன்றைப் படித்தாள். எழுநூறு, எண்ணூறு வருடக் கதை. அன்று தொடங்கிய பைத்தியம். அந்தக் கதை நடந்த ஊர்களைக் கோத்து ஒரு வீதி இருக்கிறதாம், வோர்ம்ஸ் என்ற ஊரிலிருந்து வூர்ஸ்பேர்க் வரை, நிபெலுங்கன் வீதி என்று பெயர். வரைபடம் அவளுடைய அறைச் சுவரில் ஐந்து வருடமாகத் தொங்குகிறது.

யூனில் கலியாணம் நின்றது. கார்ட் அடித்து, பாதி கொடுத்தும் முடிந்த பிறகு. பயணத்தையும் நிறுத்துவாள் என்று நினைத்தோம். "வீதி என்ன செய்தது?" என்று கேட்டாள். தனியே போக விடமாட்டேன் என்றாள் வதனி. ஆனால் குழந்தைகள் காப்பகத்தில் வதனிக்கு செப்டெம்பரில் லீவு கிடையாது. பிஸ்கட் தொழிற்சாலையில் எனக்குத் தாராளமாகத் தருவார்கள், நான் இல்லாவிட்டால் பிஸ்கட் நன்றாக வரும். ஆகவே மாப்பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில் நான். இருபத்தெட்டு வயதுப் பிள்ளைக்கு ஐம்பத்தொன்பது வயதுக் காவல். ஹோட்டல்களை அபி இரண்டு அறையாக மாற்றிவிட்டாள்.

ஒரு விஷயம் இங்கே மட்டும். தான்தான் வேண்டாம் என்றதாக அபி எல்லோருக்கும் சொல்லியிருக்கிறாள். தாய்க்கும் அதுதான். அவளைத் திமிர் பிடித்தவள் என்று ரொறன்ரோவில் எங்கள் ஸ்காபரோ முழுக்கப் பேச்சு. உண்மை வேறு. அவன்தான் வேண்டாம் என்றவன். போனில் இரண்டு வரி அனுப்பினான். யூன் மாதம் மீன்கடைக் கார்த் தரிப்பிடத்தில், கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னிடம் சொன்னாள். "இது உங்களுக்கு மட்டும் அப்பா. திமிர் எண்டு சொல்லட்டும், எனக்கு ஓகே." மூன்று மாதமாகச் சொல்லவில்லை, வதனிக்கும்கூட. என்னளவில் இது உலக சாதனை.

செப்டெம்பர் 11, வியாழன்

வெயில், ஆனால் குளிர். வேலையால் வந்து தேத்தண்ணீர் ஊற்றும்போது குணம் அண்ணையின் போன், வோர்ம்ஸிலிருந்து. என் பெரியப்பா மகன். இனி கு.அ.

முதல் இறங்குகிற வீடு அவருடையது. நன்றாக ஏசினார். ஓகஸ்டுக்கு ரிக்கற் எடுத்து வைத்திருந்த ஆள், கோபம் நியாயம்தான். கார்ட் அடித்த பிறகு ஒரு பெட்டை கலியாணத்தை நிறுத்துவதா, எந்த ஊர் வழக்கம், வரட்டும், மேசையில் வைத்து நேராகக் கேட்கிறேன் என்றார். கேட்கக்கூடிய மனுசன். வாத்தியாராக இருந்தவர், இன்னும் மணி அடிக்கவில்லை என்ற நினைப்பு.

 பிள்ளை ஐந்து வருடம் ஆசைப்பட்ட பயணம். முதல் நாளே மேசையில் வைத்து இவர் குதறினால்?

சொன்னேன். "அண்ணை, அவள் இல்லை. அவன்தான் விட்டிட்டுப் போனவன். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. அவளிட்டை ஒண்டும் கேக்கவும் வேண்டாம்."

 "ஐயோ தம்பி, எனக்குச் சொல்லியிருக்கலாமே. இந்த வாயால ஒரு சொல் வெளியில போகாது" என்றார். கோயிலைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்.

ஒரு ஆளுக்குத்தான் சொன்னேன். அதுவும் பிள்ளைக்காக. மனம் லேசானது. வடை டப்பாவைத் திறந்து இரண்டு சாப்பிட்டேன், எடை குறைக்கவும்தான்.

செப்டெம்பர் 12, வெள்ளி

விமான நிலையம். வீட்டிலிருந்து புறப்படும்போது கோயிலில் பழக்கமான ஒரு அம்மா படியில் நின்றா, கையில் பொதி. மகன் ஜேர்மனியில், கொடுத்துவிட முடியுமா. எந்த இடம் என்று கேட்டேன். ஹம்பேர்க். நாங்கள் போவது தெற்கே, அது கடற்கரைப் பக்கம், ஐந்நூறு கிலோமீற்றருக்கும் மேலே என்று அபி பொறுமையாக விளங்கப்படுத்தினாள். "ஓம் பிள்ளை, ஜேர்மனிதானே" என்று பொதியை என் கையில் வைத்துவிட்டு அம்மா போய்விட்டா. எங்கள் ஆட்களுக்கு ஜேர்மனி என்றால் ஒரு ஒழுங்கை, இந்த முனையில் கூப்பிட்டால் அந்த முனையில் கேட்கும்.

மறுத்திருக்கலாம். மறுக்க எனக்கு வராது. அபிக்கு வரும். அவள் வேறு ரகம்.

பிளேனில் கதையின் முதல் பாதியைச் சொன்னாள். ஒரு வீரன். பெயரைப் பத்துத் தரம் சொல்லித் தந்தாள், வாயில் நிற்கவில்லை, வீரன் என்றே எழுதுகிறேன். நெருப்புக் கக்கும் ஒரு பறவைநாகத்தைக் கொன்று அதன் இரத்தத்தில் குளித்தானாம். தோல் கொம்பு மாதிரி இறுகிப்போனது, வாள் ஏறாது. ஆனால் குளிக்கும்போது மரத்திலிருந்து ஒரு இலை தோளுக்கு நடுவே விழுந்து ஒட்டிக்கொண்டது. அந்த ஒரு இடம் மட்டும் மெத்தென்ற தோல். எங்களுடைய கதையிலும் தொடையில் ஒருவனுக்கு இப்படி உண்டு என்றேன். "எக்ஸாக்ட்லி அப்பா" என்று சந்தோசப்பட்டாள். யூனுக்குப் பிறகு அந்த முகத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

செப்டெம்பர் 13, சனி. வோர்ம்ஸ்

வானம் மூட்டம். நித்திரை இல்லை. வாடகைக் காரை எடுக்கவே ஒன்றரை மணித்தியாலம். ஒட்டோமற்றிக் கேட்டோம், கியர்க் கார் தந்தார்கள். கியர் தொட்டு முப்பது வருடம். தரிப்பிடத்திலிருந்து வெளியே வர நான்கு தரம் நின்றது. பின்னால் நின்ற ஜேர்மன்காரர் ஹோர்ன் அடிக்கவில்லை, இறங்கி வந்து குனிந்து பார்த்தார். அது இன்னும் கேவலம். அபி என் போனைக் காரோடு இணைத்தாள், வழி சொல்லும் பெண்ணின் குரல் கார் முழுக்கக் கேட்கும்படி.

வோர்ம்ஸில் ஆற்றங்கரையில் ஒரு சிலை. வீரனைக் கொன்ற மந்திரி, அவனுடைய புதையலைத் தூக்கி ஆற்றில் எறிகிறான். கொலைகாரனுக்கு ஏன் சிலை என்று கேட்டேன். ஊருக்கு ஆட்கள் வருவதே அவனால்தான் என்றாள்.

கு.அ. வீட்டில் மதியம் ஒரு மணிக்கு உட்கார்ந்தோம், ஐந்து மணிக்கு எழுந்தோம். ஆட்டிறைச்சி, இறால், கணவாய், கத்தரிக்காய்க் குழம்பு, சோறு, அதற்கு மேல் புட்டு. யாரும் கலியாணம் பற்றி வாய் திறக்கவில்லை. கு.அ. தன் சொல்லைக் காப்பாற்றினார். காப்பாற்றுகிறேன் என்பதை எனக்கு அடிக்கடி கண்ணால் காட்டவும் செய்தார், புருவம் நெற்றிக்கு மேலே போய்விடும்போல இருந்தது.

அவருடைய மனைவிதான் பிரச்சினை. அபியின் சாப்பாட்டுக் கோப்பையில் இறாலைக் குவித்துக்கொண்டே இருந்தா. தலையைத் தடவினா. "சாப்பிடு ராசாத்தி, மெலிஞ்சு போனாய்." அபி மெலியவில்லை. போகும்போது கட்டிப்பிடித்து நெடுநேரம் விடவில்லை.

காரில் ஏறியதும் அபி: "ஒருத்தரும் ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

மரியாதையான ஆட்கள் என்றேன்.

"எங்கட ஆக்களோ?" என்றாள்.

நான் கியரில் கவனமாக இருந்தேன்.

செப்டெம்பர் 14, ஞாயிறு. பென்ஸ்ஹைம்

ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் ஒரு கடையும் இல்லை. தண்ணீர்ப் போத்தல் வாங்கவே பெற்றோல் செற்றுக்குப் போக வேண்டியிருந்தது. வோர்ம்ஸிலிருந்து பென்ஸ்ஹைம் அரை மணித்தியாலம். வழியில் ஒரு பழைய மடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள் அபி. மாலா நான்கு தரம் போன் பண்ணிவிட்டாள், இடியப்பம் ஆறுகிறதாம். மடத்தைக் காரில் இருந்தபடியே பார்த்தோம். இந்த வீதியை ஜேர்மன்காரர் மலைக்கும் கோட்டைக்கும் போட்டார்கள், நாங்கள் அதில் இடியப்பத்தில் இருந்து புட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம்.

மாலா கதவைத் திறந்தவுடன் அழுதாள். ஏன் சித்தி என்று அபி கேட்டாள். வெங்காயம் வெட்டினேன் என்றாள். சமையலறையில் வெங்காயம் இல்லை, நான் பார்த்தேன்.

அபி குளிக்கப் போன நேரம் மாலாவைப் பிடித்தேன். யார் சொன்னது? கு.அ. மனைவி. கோயில் பூசைக்கு மாலை கட்டும்போது. "பாவம் பெட்டை, எதிர்ப்பட்டால் ஒண்டும் கேட்டிடாதை எண்டுதான் சொன்னவ அத்தான். நல்ல மனசோடதான்." கு.அ. தன் வாயால் ஒரு சொல்லும் வெளியில் விடவில்லையாம். மனைவிக்குச் சொன்னது வெளியே இல்லையாம்.

இனி யாருக்கும் சொல்லாதே என்று கும்பிட்டேன். "நான் ஆருக்குச் சொல்லப்போறன்" என்றாள். பெருமூச்சு விட்டேன். மடையன். அவளுக்கு ஸ்காபரோவில் ஒரு அக்கா இருக்கிறாள், எனக்கு மனைவியாக.

பின்னேரம் மாலா தன் பெட்டியிலிருந்து ஒரு காப்பை எடுத்து அபியின் கையில் போட்டாள். காரணம் இல்லாமல். அபி காப்பைப் பார்த்தாள், மாலாவைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். நான் ரீவியைப் பார்த்தேன். ஜேர்மன் செய்தி. ஒரு சொல் விளங்கவில்லை, முடியும் வரை பார்த்தேன்.

செப்டெம்பர் 15, திங்கள். லிண்டன்பெல்ஸ், கிராஸெல்லன்பாக்

மலைப் பாதை. பனிப்புகார், நசநசவென்று மழை. வளைவுக்கு வளைவு கியர். இடக்கால் செத்துவிட்டது.

லிண்டன்பெல்ஸில் தெருவுக்குத் தெரு பறவைநாகப் பொம்மை. அதற்கென்றே ஒரு காட்சிச்சாலை. திங்கள் பூட்டு. அபி கதவில் நெற்றியை வைத்து உள்ளே பார்த்தாள். எனக்கு அவமானமாக இருந்தது, நேற்று இடியப்பத்துக்காக அவசரப்படாமல் இருந்திருந்தால் நேற்றே வந்து பார்த்திருக்கலாம்.

பிறகு கிராஸெல்லன்பாக். வீரனைக் கொன்ற சுனை இங்கேதான். காரை விட்டு அரை மணித்தியாலம் காட்டுக்குள் ஏற்றம். என் சப்பாத்து கோயிலுக்குப் போடுகிற சப்பாத்து. இரண்டு தரம் சறுக்கினேன். ஒரு ஜேர்மன் தம்பதி, எண்பது வயது இருக்கும், கையில் தடியோடு என்னை முந்திப் போனார்கள், வணக்கமும் சொன்னார்கள்.

சுனை என்றால் சுனை. ஒரு கல், ஒரு சிலுவை, கீழே ஒரு விரல் தடிப்புக்குத் தண்ணீர். எங்கள் குளியலறைக் குழாய் இதைவிட நன்றாக ஒழுகும். இதே சுனை எங்களுடையது என்று இன்னும் நாலைந்து ஊர்கள் சண்டையாம். அது எனக்கு விளங்கியது. ஸ்காபரோவில் எத்தனை கோயில்.

கல்லில் உட்கார்ந்து இரண்டாவது பாதியைச் சொன்னாள். வீரனுக்கு ஒரு மனைவி, அவளுக்கு மட்டும்தான் இலை விழுந்த இடம் தெரியும். சண்டைக்குப் போகிற நேரம் மந்திரி அவளிடம் வந்தானாம், உன் புருசனைக் காப்பாற்றுவது என் பொறுப்பு, எந்த இடத்தில் கவனம் வேண்டும் என்று தெரிந்தால் நல்லது என்றானாம். அவள் நம்பினாள். புருசனுடைய உடுப்பில், சரியாக அந்த இடத்தில், பட்டு நூலால் சின்னதாக ஒரு சிலுவை தைத்துவிட்டாள். காப்பாற்றுகிறவனுக்குத் தெரியட்டும் என்று. வீரன் இந்தச் சுனையில் குனிந்து தண்ணீர் குடிக்கும்போது மந்திரி பின்னால் நின்று அந்தச் சிலுவையைப் பார்த்து ஈட்டியை எறிந்தான்.

தண்ணீர் சொட்டுகிற சத்தம்.

"அவ நல்லதுக்குத்தானே செய்தவ" என்றேன்.

"ஓம். அதுதான் அப்பா இந்தக் கதையில எனக்குத் தாங்க ஏலாத இடம். எதிரி சொல்லேல்லை. விருப்பமான ஆள்தான் சொன்னது."

சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்திலேயே, அந்தக் கல்லிலேயே. வாய் திறந்தேன். பசிக்கிறதா என்று கேட்டேன்.

இறங்கும் வரை போனில் சிக்னல் இல்லை. காரில் ஏறி, பெல்ற் போட்டு, ஸ்ராட் பண்ணியதும் மணி அடித்தது. காரே எடுத்துவிட்டது. நான் எதையும் தொடவில்லை. வதனியின் குரல், நான்கு கதவிலிருந்தும்.

"இஞ்சாருங்கோ, அவன்தானாம் பிள்ளையை வேண்டாமெண்டவன். மாலா சொல்லுறாள். மாலாவுக்குக் குணமண்ணையின்ரை மனுசி சொன்னதாம், குணமண்ணைக்கு நீங்களாம். ஜேர்மனி முழுக்கத் தெரியும், பெத்த எனக்குத் தெரியாது. மூண்டு மாசம் நான் பிள்ளையைத் திமிர்காரி எண்டு ஏசிக்கொண்டு திரியிறன்…"

ஒரு பொத்தானை அமத்தினேன், வைப்பர் ஆடியது. இன்னொன்று, றேடியோவில் ஒருவன் பாடினான். வதனி பாட்டுக்கு மேலாலும் கதைத்தாள். அபி கை நீட்டி நிறுத்தினாள். வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது, மழை அப்போது விட்டிருந்தது.

"எத்தினை பேருக்குச் சொன்னனீங்கள்?"

"ஒரு ஆளுக்குத்தான்."

"ஏன்?"

"உன்னை ஏசக்கூடாதெண்டு."

வைப்பரை நிறுத்தினாள். பிறகு கண்ணாடிப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஏசினா நான் திருப்பி ஏசுவன் அப்பா. பாவம் பாத்தா நான் என்ன செய்யிறது?"

மிஷெல்ஸ்ரட்டுக்கு நாற்பது நிமிடம். வழி சொல்லும் பெண் மட்டும் கதைத்தாள்.

ஹோட்டலில் இன்னொரு அடி. இரண்டு அறையாக மாற்றியவள் பழைய குறிப்பை மாற்ற மறந்துவிட்டாள். என் அறை மேசையில் ஒரு வைன் போத்தல், இதய வடிவில் பெரிய சொக்லேற், புதுத் தம்பதிக்கு வாழ்த்து அட்டை. அபி போத்தலை எடுத்துக்கொண்டு போய் வரவேற்பு மேசையில் கொடுத்துவிட்டு, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். சாப்பிட வரவில்லை. நானும் தனியே போகவில்லை. பசியில் இதயத்தை முழுவதும் தின்றேன். வயிறு சரியில்லை.

செப்டெம்பர் 16, செவ்வாய். மில்ரன்பேர்க்

வெயில். நல்ல நாள், யாருக்கு.

காலைச் சாப்பாட்டில் அபி சொன்ன சொற்கள்: "உப்பு." காரில்: "வலம்." "இடம்." "சிவப்பு அப்பா." மூன்றாவதில் அப்பா வந்தது, உடனே அவளைப் பார்த்தேன். சிவப்பையும் பார்த்தேன், அரை செக்கன் பிந்தி.

மிஷெல்ஸ்ரட்டில் மரத்தால் கட்டிய ஒரு நகரசபைக் கட்டடம், கால் வைத்த பெட்டி மாதிரி. மில்ரன்பேர்க்கில் ஆறு. எல்லாம் வடிவு. எல்லாவற்றையும் அவளுக்குப் பத்தடி பின்னால் நின்று பார்த்தேன்.

என் போனில் இன்று வந்தவை: வதனி ஏழு. மாலா குரலில் நான்கு, எல்லாம் அழுகை. கு.அ. ஒன்று: 'தம்பி நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.' கோயில் அம்மா இரண்டு, பொதி கிடைக்கவில்லை என்று மகன் சொன்னாராம்.

மன்னிப்பு எழுதிப் பார்த்தேன், கோப்பிக் கடை பில் துண்டின் பின்னால். 'பிள்ளை, நான் நல்லதுக்கு' என்று தொடங்கியது. அந்தச் சொல்லைப் பார்த்ததும் கிழித்தேன். அடுத்த துண்டில் 'நான் மடையன்' என்று மட்டும் எழுதி அவளுடைய தேத்தண்ணீர்க் கோப்பைக்குக் கீழே வைத்தேன். வாசித்தாள். மடித்துக் கைப்பையில் வைத்தாள். எறியவில்லை, அது போதும்.

நாளைக்கு வூர்ஸ்பேர்க், வீதி முடிகிற ஊர். அங்கே சின்னராசா மாமா வீடு, என் அம்மாவின் தம்பி, எழுபத்தாறு வயது, தனியாள். போக வேண்டாம், சுகமில்லை என்று சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"அவருக்குத் தெரியுமோ?"

யோசித்தேன். கோயில் நிர்வாகச் சண்டையில் கு.அ. குடும்பமும் மாமாவும் எட்டு வருடமாக முகம் பார்ப்பதில்லை. மாலா கு.அ. பக்கம். வதனியின் கோபம் இன்னும் என்னைத் தாண்டிப் போகவில்லை. மாமாவுக்குச் சொல்ல உலகத்தில் ஆளில்லை. கோயில் சண்டையாலும் ஒரு நன்மை.

"தெரியாது."

"அப்ப போவம்."

செப்டெம்பர் 17, புதன். வூர்ஸ்பேர்க்

வெயில், காற்று. வீதி முடிந்தது. கடைசியில் ஒரு வளைவோ பலகையோ இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. சாதாரண நகரம், ட்ராம் ஓடுகிறது, நான் ட்ராம் பாதையில் காரை நிறுத்திவிட்டேன்.

மாமா கதவைத் திறந்தார். சாம்பல் நிறக் கோட் சூட், ரை, உள்ளே வெள்ளைச் சேர்ட், காலில் வீட்டுச் செருப்பு. எங்கேயோ வெளிக்கிடுகிறாராக்கும் என்று நினைத்தேன். "அபியின்ரை கலியாணத்துக்குத் தைச்சது. எங்கையாவது ஒருக்கால் போடவேணுமே" என்றார். நான் அபியின் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை.

சமையல் அவரே. ஒரு மீன்குழம்பு, ஒரு பருப்பு, தோசைக்கல்லில் சுட்ட வடை. மேசைத் துவாயைச் சூட்டின் மேல் மார்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டாவது வாய் விழுங்கவில்லை, கேட்டுவிட்டார்.

"ஏன் பிள்ளை கலியாணத்தை நிப்பாட்டினனீர்?"

இவ்வளவு நாளும் ஒருவரும் கேட்காத கேள்வி. நாலாயிரம் மைல் தாண்டி நான் கட்டிய அணையெல்லாம் இந்த ஒரு கேள்விக்குத்தான். என் வாய் தன்பாட்டில் திறந்தது. மாமா, அவளிட்டைக் கேக்காதேங்கோ, அது வந்து, என்று ஒரு முழு வசனம் நாக்கில் வந்து நின்றது. அபி என்னைப் பார்த்தாள். கோபமாக அல்ல. என்ன செய்யப் போகிறேன் என்று பார்க்கிற பார்வை.

வடையை எடுத்து முழுதாக வாய்க்குள் தள்ளினேன். சுட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. மென்றேன்.

"நான் நிப்பாட்டேல்லை தாத்தா. அவன்தான் வேண்டாமெண்டவன். நான் எல்லாருக்கும் பொய் சொன்னனான்."

மாமா சோற்றைப் பிசைந்தார். "போனிலயோ, நேரிலயோ?"

"போனில. ரெண்டு வரி."

"என்னை இந்தச் சூட்டுக்கு அளவெடுக்க நாலு தரம் வரச் சொன்னவங்கள்" என்றார் மாமா. "உவன் ரெண்டு வரியில முடிச்சுப்போட்டான். மீன் வைக்கட்டோ?"

அபி சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு வயிற்றால். மாமாவுக்கு ஏன் சிரிக்கிறாள் என்று விளங்கவில்லை, ஆனாலும் மீன் வைத்தார். நடுத்துண்டு ஒன்றே ஒன்று, மற்றவர்களுக்குப் போட்ட அளவுதான். தலையைத் தடவவில்லை.

போகும்போது படம் எடுக்கச் சொன்னார். சூட் போட்டதற்கு ஒரு அத்தாட்சி வேண்டுமாம். அபியும் அவரும் வாசலில். நான்தான் எடுத்தேன். முதல் படத்தில் என் விரல். இரண்டாவது சரி. அபி அதை எனக்கும் அனுப்பினாள். வெறும் படம், சொல் இல்லை.

காரில்: "வடை சுட்டதோ?"

"ஓம்."

"நல்லது" என்றாள்.

செப்டெம்பர் 19, வெள்ளி. ரொறன்ரோ

மழை. நேற்று வந்து சேர்ந்தோம், பிளேன் இரண்டு மணித்தியாலம் பிந்தி, பிறகு 401 நெடுஞ்சாலையில் ஒன்றரை மணித்தியாலம். வதனி கூட்டிப்போக வந்தாள். முன் சீற்றில் அபியை இருக்கச் சொன்னாள். நான் பின்னால், பெட்டியோடு. இருவரும் தமிழும் ஆங்கிலமுமாகக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். மிசிசாகா தாண்டும்போது வதனி ஒரு கையால் கண்ணைத் துடைத்தாள், மற்றக் கையால் ஓட்டினாள். நான் இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

பெட்டியைத் திறந்தேன். ஹம்பேர்க் பொதி. அடியில், என் உடுப்புப் பைக்குக் கீழே, போன மாதிரியே திரும்பி வந்திருக்கிறது. மில்ரன்பேர்க்கில் தபால் கந்தோருக்கு முன்னாலேயே கோப்பி குடித்தேன். இதை அந்த அம்மாவுக்கு எப்படிச் சொல்வது. அபியிடம் கேட்டேன். நேராகச் சொல்லுங்கள் என்றாள். அவளுக்குச் சுலபம்.

வதனி இன்னும் என்னோடு எழுத்தில்தான் பேசுகிறாள். குளிர்ப்பெட்டியில் ஒட்டியிருந்தது: 'சோறு உள்ளே. நீங்களே சூடாக்கவும்.'

செப்டெம்பர் 21, ஞாயிறு

தெளிந்த வானம். மீன்கடைக்கு அபிதான் வருகிறேன் என்றாள். விளைமீன் வாங்கினோம், வெட்டித் தர அரை மணித்தியாலம் வரிசை. காரில் வந்து ஏறினோம். சாவியைத் திருப்பப் போனேன். பொறுங்கோ அப்பா என்றாள்.

என் போனை எடுத்துக் காரோடு இருந்த இணைப்பை நிறுத்தினாள். கண்ணாடியை ஏற்றினாள். ஒரு விஷயம் சொன்னாள்.

காது கொடுத்தேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மீன் பையில் ஐஸ் உருகத் தொடங்கிவிட்டது, தண்ணீர் என் காலடியில்.

வீட்டு வாசலில் வதனி. முக்கால் மணித்தியால வேலைக்கு ஒன்றரை மணித்தியாலம் எடுத்ததைக் கண்டுபிடித்துவிட்டாள். ஆறு நாளைக்குப் பிறகு முதல் முறையாக வாயால் பேசினாள். "என்ன சொன்னவள்?"

சரியாக அப்போது கு.அ. போன். நீங்கள் எல்லோரும் சுகமாகப் போய்ச் சேர்ந்தீர்களா, அபி எப்படி, ஏதும் புதினமோ. புதினம் இல்லை அண்ணை, இங்கே நல்ல வெயில் என்றேன். வைத்தேன்.

வதனி நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் கை.

நாளைக்கு வெளியே வைக்கிறது பச்சைக் குப்பைத் தொட்டியோ, நீலமோ என்று கேட்டேன்.

முறைத்தாள்.  அபி சொன்னதை இங்கேயாவது எழுதலாம் என்று பேனையைத் திறந்தேன், இந்தக் கொப்பி எப்போதும் சமையலறை மேசையில்தான் கிடக்கும், வதனி எடுத்து வாசிக்கலாம்

பச்சைத் தொட்டிதான். வைத்துவிட்டு வருகிறேன்.